பெரி ஸ்மித் மீது ஏன் இரக்கம் வருகிறது?

அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டியின் ‘இன் கோல்ட் பிளட்’ நூலைப் படித்து முடித்த ஒருவர் கேட்டிருக்கிறார்: “நான்கு பேரைக் கொன்ற வழக்கில் பெரி ஸ்மித் தூக்குமேடை ஏறும்போது எனக்குக் கண் கலங்கியது. செத்துப்போன நான்கு பேரின் முகமோ ஒரு வாரத்தில் மங்கிவிட்டது. என்னிடம் ஏதும் கோளாறா? அந்தப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் நடந்ததுதானா? அமெரிக்க எழுத்து ஏன் இப்படிக் கொலையையும் இருட்டையுமே சுற்றி வருகிறது? அடுத்து எதைப் படிக்கலாம்?”

நான்கும் ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. ஒரு கொலையை நாம் யார் வாயால் கேட்கிறோம்? இதற்குப் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும். உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை. அந்த இரக்கம் மிகத் திறமையாகக் கட்டப்பட்ட ஒன்று. எப்படிக் கட்டினார்கள் என்று பார்க்கலாம்.

படிக்காதவர்களுக்காக முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கான்சாஸ் மாநிலத்தின் மேற்கே ஹோல்கம் என்று ஒரு சின்ன ஊர். கோதுமை வயல், தானியக் கிடங்கு, ரயில் தண்டவாளம், அவ்வளவுதான். 1959 நவம்பர் 15, ஞாயிறு விடிவதற்குள் அங்கே ஹெர்பர்ட் கிளட்டர் என்ற விவசாயி, அவர் மனைவி பானி, 16 வயது மகள் நான்சி, 15 வயது மகன் கென்யன் ஆகிய நால்வரும் கைகால் கட்டப்பட்டு, ஷாட்கன்னால் சுடப்பட்டு இறந்தார்கள். கொன்றவர்கள் ரிச்சர்ட் ஹிக்காக், பெரி ஸ்மித். இருவரும் கான்சாஸ் சிறையிலிருந்து பரோலில் வந்தவர்கள். கிளட்டர் பண்ணையில் முன்பு வேலை பார்த்த ஒரு கைதி, ஹிக்காக்குடன் ஒரே அறையில் இருந்தபோது, அந்த வீட்டில் பணப்பெட்டி இருப்பதாகச் சொல்லியிருந்தான். பெட்டியே இல்லை. கிளட்டர் எதற்கும் செக் எழுதிக் கொடுப்பவர், கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளாதவர் என்பது அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 400 மைலுக்கு மேல் காரோட்டி வந்தவர்களுக்குக் கிடைத்தது 40, 50 டாலரும் ஒரு பைனாகுலரும் ஒரு ரேடியோவும். டிசம்பர் 30 அன்று லாஸ் வேகாஸில் பிடிபட்டார்கள். 1960 மார்ச்சில் கார்டன் சிட்டியில் விசாரணை நடந்தது. ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த ஊர்மக்கள் குழு, முக்கால் மணி நேரத்துக்குள் முடிவெடுத்துவிட்டது. ஐந்து வருடம் மேல்முறையீடுகள் ஓடி, 1965 ஏப்ரல் 14 அன்று இருவரையும் தூக்கிலிட்டார்கள்.

நியூயார்க் டைம்ஸில் இந்தக் கொலை பற்றி வந்த சிறு செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் ட்ரூமன் கபோட்டி ஹோல்கமுக்குக் கிளம்பினார். கூடவே போனவர் அவருடைய பால்யத் தோழி ஹார்ப்பர் லீ. லீ எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவல் அப்போது இன்னும் வெளிவரவில்லை. ஊர்க்காரர்கள் கதவைத் திறந்து பேசியதற்குப் பெரிய காரணம் ஹார்ப்பர் லீதான். அவர் எழுதிக் கொடுத்த குறிப்புகளே நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள். 1965 இலையுதிர் காலத்தில் நியூயார்க்கர் பத்திரிகையில் நான்கு பகுதிகளாக வந்து, பிறகு புத்தகமானது. புனைவல்லாத நாவல் என்று கபோட்டி அதற்குப் பெயர் சூட்டினார். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை என்றார்.

சரி, இரக்கம் எப்படி வந்தது? புத்தகத்தின் வரிசையைக் கவனியுங்கள். முதல் பகுதியில் கிளட்டர் குடும்பத்தின் கடைசிச் சனிக்கிழமையும் காரில் நெருங்கி வரும் இருவரும் மாறி மாறி வருகிறார்கள். கார் வீட்டை அடைந்ததும் கபோட்டி திரையை மூடிவிடுகிறார். அடுத்த காட்சியில் காலை, பிணங்கள். உள்ளே என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. அதன் பிறகு நூறு பக்கத்துக்கும் மேல் நாம் பெரியோடு வாழ்கிறோம். குதிரைச் சாகசம் காட்டிப் பிழைத்த அப்பாவும் அம்மாவும், அம்மாவின் குடி, அநாதை விடுதி, படுக்கையை நனைத்ததற்காகக் கன்னியாஸ்திரீகள் அடித்த அடி, தற்கொலை செய்துகொண்ட உடன்பிறப்புகள், மோட்டார் சைக்கிள் விபத்தில் நொறுங்கிய கால்கள், வாயில் எப்போதும் ஆஸ்பிரின், கையில் கிதார், மெக்சிகோ கடலில் புதையல் எடுக்கும் கனவு. அவனுடைய அப்பா எழுதிய வாழ்க்கைக் குறிப்பும் அக்கா எழுதிய கடிதமும் முழுசாகவே தரப்படுகின்றன. இவ்வளவும் படித்து முடித்த பிறகுதான், மூன்றாம் பகுதியில், கொலை வருகிறது. அதுவும் போலீஸ் காரில் உட்கார்ந்து பெரியே சொல்வதாக.

அதாவது அந்த வீட்டுக்குள் நாம் பெரியின் கண்ணோடுதான் நுழைகிறோம். கென்யனின் தலைக்கு அடியில் அவன் தலையணை வைத்ததையும், கிளட்டர் குளிர்ந்த தரையில் கிடக்க வேண்டாம் என்று மெத்தை வந்த அட்டைப் பெட்டியை விரித்துப் போட்டதையும், நான்சியிடம் தவறாக நடக்கப் போன ஹிக்காக்கைத் தடுத்ததையும் அவனே சொல்கிறான். தலையணையும் பெட்டியும் அங்கே கிடந்ததைத் துப்பறிந்தவர்கள் பார்த்தார்கள், அது சரி. ஆனால் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் யார் என்ன பேசினார்கள், நான்சி எவ்வளவு தைரியமாக இருந்தாள் என்பதற்கெல்லாம் சாட்சி கொன்றவர்கள் மட்டும்தான். இரண்டு பெண்களையும் சுட்டது ஹிக்காக் என்று முதலில் சொன்ன பெரி, பிறகு நான்கு பேரையும் தானே கொன்றதாக மாற்றிக்கொள்ள விரும்பினான். ஹிக்காக்கின் அம்மா வருத்தப்படக் கூடாதாம். இந்த மாற்றம்கூட நமக்கு அவன் மேல் மதிப்பைத்தான் கூட்டுகிறது.

செத்தவர்கள் பக்கம் என்ன இருக்கிறது? நான்சி தினமும் இரவில் டைரி எழுதுவாள். ஒரு நாளைக்குச் சில வரிகள்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் செர்ரி பை செய்யக் கற்றுக்கொடுத்தேன், பாபி வந்தான், டிவி பார்த்தோம், பதினோரு மணிக்குப் போனான். அந்தச் சனிக்கிழமைக்கு அவள் எழுதியதன் சாரம் இவ்வளவுதான். அந்தப் புத்தகத்தில் அன்றைய இரவைப் பற்றி இறந்த ஒருவர் தம் கையால் எழுதிய சொற்கள் இவை மட்டுமே. கென்யன் அடித்தளத்தில் தன் அக்காவின் கல்யாணத்துக்காக ஒரு மரப்பெட்டி செய்து கொண்டிருந்தான். அவன் எழுதியது எதுவுமே நமக்குக் கிடைக்கவில்லை. பானியை எப்போதும் படுத்த படுக்கையாய், மனம் நொந்தவராய்க் கபோட்டி வரைகிறார். குடும்பத்தார் அந்தச் சித்திரத்தைப் பின்னாளில் ஏற்கவில்லை. ஆனால் நாம் எல்லோரும் பானியை அப்படித்தான் அறிந்திருக்கிறோம். செத்துப்போனவர் எழுந்து வந்து மறுப்புச் சொல்ல முடியாதே.

உண்மையா என்ற கேள்விக்கு வருகிறேன். கட்டமைப்பு உண்மை. பெயர், தேதி, வழக்கு எல்லாம் பதிவில் இருப்பவை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை என்ற பேச்சு நிற்காது. 1966லேயே எஸ்குவயர் பத்திரிகையில் ஒருவர் ஊர் ஊராகப் போய் விசாரித்து, பல இடங்களில் பெரி சொன்னதாகவும் செய்ததாகவும் வருவது நடக்கவில்லை என்று எழுதினார். கடைசிக் காட்சியில், கல்லறைத் தோட்டத்தில் துப்பறியும் அதிகாரி ஆல்வின் டூயி நான்சியின் தோழியைச் சந்திக்கிறாரே, கோதுமையில் காற்று வீசுகிறதே, அந்தச் சந்திப்பே நடக்கவில்லை. தூக்குமேடையில் முடிப்பது மிகக் கனமாக இருக்கும் என்று கபோட்டி அதைத் தானே உண்டாக்கினார். துப்பு கிடைத்ததும் அதிகாரி உடனே ஹிக்காக்கின் வீட்டுக்குப் போவது போலப் புத்தகத்தில் வரும். 2013இல் வெளிவந்த புலனாய்வு ஆவணங்களின்படி, அவர்கள் ஐந்து நாள் கழித்துத்தான் போனார்கள். டூயிதான் கபோட்டிக்கு ஆவணங்களைத் திறந்து காட்டியவர். புத்தகத்தின் நாயகனும் அவர்தான்.

எனக்கு இவற்றை எல்லாம்விட உறுத்துவது வேறு ஒன்று. புத்தகத்தின் பெரும்பகுதி எழுதப்பட்டு, முடிவுக்காகக் காத்திருந்தது. முடிவு என்றால் அந்த இருவரின் சாவு. பெரியும் ஹிக்காக்கும் கபோட்டிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள், உதவி கேட்டார்கள். மேல்முறையீடு ஒவ்வொன்றும் தள்ளிப்போக, புத்தகத்தை முடிக்க முடியாத தவிப்பைக் கபோட்டி நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் கொட்டியிருக்கிறார். தூக்கு நடந்த இரவு லான்சிங் சிறையில் அவரும் இருந்தார். அதற்குப் பிறகு 1984இல் இறக்கும்வரை அவர் இன்னொரு நாவலை முடிக்கவே இல்லை. நம்மை அழ வைத்த கை எந்த நிலையில் இருந்து எழுதியது என்பதைத் தெரிந்துகொண்டு படித்தால், அந்தக் கடைசிப் பக்கங்கள் வேறு மாதிரி கேட்கும்.

இதைச் சொல்லிவிட்டுக் கபோட்டிக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்ல வேண்டும். பெரியின் மனநிலையைப் பரிசோதித்த மருத்துவர் கூண்டில் ஏறியபோது, அன்றைய கான்சாஸ் சட்டப்படி கேள்வி ஒன்றுதான்: செய்தது தப்பென்று அவனுக்குத் தெரியுமா, தெரியாதா. அதற்கு மேல் விளக்க அவரை விடவில்லை. அவர் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதைக் கபோட்டி புத்தகத்தில் சேர்த்திருக்கிறார். நீதிமன்றம் மூடிய வாயை ஓர் எழுத்தாளர் திறந்தார். அதைப் படித்து நீங்கள் கலங்கினீர்கள் என்றால் அது நல்ல மனசு. தூக்கில் தொங்குகிறவனும் மனிதன் என்று ஒரு புத்தகம் உணர வைத்தால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என் மனக்குறை அளவைப் பற்றியது. பெரிக்கு நூறு பக்கத்துக்கு மேல், கென்யனுக்குச் சில பக்கம்.

இந்த அளவுக் கணக்கு கபோட்டியோடு தொடங்கியதும் அல்ல. 17ஆம் நூற்றாண்டு பாஸ்டனில் ஒருவனைத் தூக்கிலிடுவதற்கு முன் அவனை எதிரே உட்கார வைத்துப் பாதிரியார் பிரசங்கம் செய்வார். பிறகு அது சிறு நூலாக அச்சாகி விற்கும், நம் ஊர்ச் சந்தைகளில் பாடி விற்ற கொலைச்சிந்து போல. குற்றவாளி கடைசியாகப் பேசியதும் அதில் சேர்ந்திருக்கும். இவனுக்குள் இருந்த அதே பாவம் உனக்குள்ளும் இருக்கிறது, பார்த்துக்கொள் என்பதே பிரசங்கத்தின் அடிநாதம். கொலைகாரன் எல்லோருக்கும் கண்ணாடி. கொல்லப்பட்டவருக்கு அந்த நூலில் பெரும்பாலும் பெயரோடு சரி. அமெரிக்காவில் குற்றத்தைப் பற்றி எழுதுவது இப்படித்தான் ஆரம்பித்தது, மேடையில் கொன்றவன் நடுவில் நிற்க.

அந்த மண்ணிலிருந்தே நதானியல் ஹாதோர்ன் வந்தார். 1692இல் சேலம் ஊரில் சூனியக்காரர்கள் என்று சொல்லி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒருவரைக் கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். அந்த விசாரணைகளில் உட்கார்ந்த நீதிபதிகளில் ஒருவர் ஜான் ஹாதோர்ன், எழுத்தாளரின் நேர் மூதாதை. ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலின் முன்னுரையில் அந்த மூதாதையரின் பாவத்துக்கான வெட்கத்தைத் தன் மேல் ஏற்றுக்கொள்வதாக அவர் எழுதினார். அமெரிக்க இருட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த இடத்தைத்தான். பேய், பாழடைந்த மாளிகை எல்லாம் ஐரோப்பாவிலிருந்து வந்த சாமான்கள். தன் வீட்டு நீதிபதியின் கையில் ரத்தம் இருக்கிறது என்ற எண்ணம் அந்த நாட்டிலேயே விளைந்தது.

எட்கர் ஆலன் போவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1841இல் நியூயார்க்கில் சுருட்டுக் கடையில் வேலை பார்த்த மேரி ரோஜர்ஸ் என்ற இளம்பெண்ணின் உடல் ஹட்சன் ஆற்றில் கிடைத்தது. போ அதைப் பாரிஸுக்கு மாற்றி, பெயரை மேரி ரோஜே என்றாக்கி, வழக்கைத் தீர்த்துக் காட்டுகிறேன் என்று தொடராக எழுதினார். பாதித் தொடரில், அவள் கருக்கலைப்பில் இறந்திருக்கலாம் என்று புதிய தகவல் வந்தது. தன் தீர்ப்பு பொய்த்துவிடும் போல இருக்கவே, பின்னால் நூலாக வந்தபோது அங்கங்கே வரிகளைத் திருத்தி, அந்தச் சாத்தியமும் முதலிலிருந்தே தெரிந்தது போல ஆக்கிவிட்டார். வழக்கு கடைசிவரை துலங்கவில்லை. ஓர் உண்மையான பெண்ணின் சாவு ஒருவருடைய அறிவுக்கூர்மையைக் காட்டும் புதிராக மாறிய முதல் பெரிய உதாரணம் அது. இன்று பாட்காஸ்ட் கேட்டுக்கொண்டே வழக்கைத் தீர்க்க முனைகிற லட்சக்கணக்கானவர்களின் மூதாதை அவர்.

ஆனால் இந்த இருட்டுக்கு இன்னொரு வேர் உண்டு. எனக்கு அதுதான் முக்கியம். அமெரிக்காவின் மிகப் பெரிய குற்றங்கள் நெடுங்காலம் குற்றம் என்ற பட்டியலிலேயே இல்லை. சட்டமே அவற்றைச் செய்தது, அல்லது பார்த்துக்கொண்டு நின்றது. பட்டியலில் வராத அந்தக் குற்றங்கள்தான் நாவல்களில் ஆவியாக வருகின்றன.

1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை இரண்டு வெள்ளையர்கள் இரவில் வீடு புகுந்து இழுத்துப் போனார்கள். அவன் உடல் ஆற்றில் கிடைத்தது. வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி ஒரு மணி நேரம் போல யோசித்துவிட்டு இருவரையும் விடுவித்தது. சில மாதம் கழித்து, 1956 ஜனவரியில், லுக் பத்திரிகை அவர்களுக்குப் பணம் கொடுத்துக் கதையை வாங்கி வெளியிட்டது. ஆமாம், நாங்கள்தான் கொன்றோம் என்று அவர்களே சொன்னார்கள். விடுதலையான வழக்கை மறுபடி நடத்த முடியாதே, அந்தத் தைரியம். அடி விழும் சத்தம் ஒரு கொட்டகையிலிருந்து கேட்டது என்று கறுப்பின இளைஞர் ஒருவர் உயிரைப் பணயம் வைத்து நீதிமன்றத்தில் சொல்லியிருந்தார். பத்திரிகையில் வந்த கதையில் அந்தக் கொட்டகையே இல்லை, அங்கே இருந்த மற்றவர்களும் இல்லை. சிறுவன் கடைசிவரை திமிராகப் பேசினான் என்று இருந்தது. பல்லாண்டு காலம் அதுவே நடந்ததாக நம்பப்பட்டது. கொன்றவர் வாயால் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான சான்று எனக்குத் தெரியாது. அந்தச் சிறுவனின் தாய் சிகாகோவில் சவப்பெட்டியை மூட விடவில்லை. என் பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று உலகம் பார்க்கட்டும் என்றார். ஜெட் பத்திரிகையில் வந்த அந்தப் படம்தான் செத்தவன் சார்பாகப் பேசியது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கான பதிலுக்கு வந்துவிட்டேன். டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ படியுங்கள்.

அதன் பின்னாலும் ஓர் உண்மைச் சம்பவம் இருக்கிறது. 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண், உறைந்து கிடந்த ஓஹையோ நதியைக் குடும்பத்தோடு நடந்து கடந்து, கென்டக்கியிலிருந்து சின்சினாட்டிக்குத் தப்பினார். தேடி வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்ததும், பிள்ளைகள் மறுபடி அடிமையாகக் கூடாது என்று தன் இரண்டு வயது மகளைக் கத்தியால் கொன்றார். மற்றவர்களையும் கொல்வதற்குள் பிடித்துவிட்டார்கள். அதன் பிறகு நடந்த வழக்கைப் பாருங்கள். அடிமை முறையை எதிர்த்தவர்கள், அவர் மீது கொலை வழக்குப் போடுங்கள் என்று போராடினார்கள். கொலைக் குற்றம் சாட்டினால்தான் அவர் மனுஷி என்று ஆகும், அந்தக் குழந்தையும் ஓர் உயிர் என்று ஆகும். எஜமானர் தரப்போ, இது காணாமல் போன என் சொத்து, திருப்பிக் கொடு என்றது. சொத்து என்பதே வென்றது. மார்கரெட்டைத் தெற்கே அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடத்தில் டைபாய்டில் இறந்தார்.

மாரிசன் அப்போது பதிப்பகத்தில் ஆசிரியராக இருந்தார். 1974இல் வந்த ‘தி பிளாக் புக்’ என்ற தொகுப்பு வேலையின்போது இந்தச் செய்தித் துணுக்கு கண்ணில் பட்டது. நாவலாக எழுத உட்கார்ந்தபோது, மார்கரெட்டின் வரலாற்றை மேற்கொண்டு துருவ வேண்டாம் என்று முடிவு செய்தார். வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொண்டு சேத் என்ற பெண்ணை உண்டாக்கினார். கபோட்டி எல்லாம் உண்மை என்று சொல்லிவிட்டுக் கற்பனையைக் கலந்தார். மாரிசன் எல்லாம் கற்பனை என்று சொல்லிவிட்டு, எந்த ஆவணத்திலும் இல்லாத இடத்துக்குப் போனார். 1987இல் வெளிவந்த அந்த நாவலில் கொல்லப்பட்ட குழந்தை பதினெட்டு வருடம் கழித்து, வளர்ந்த பெண்ணாக, தண்ணீரிலிருந்து எழுந்து வீட்டுக்கு வருகிறாள். உட்காருகிறாள், சாப்பிடுகிறாள், அம்மாவிடம் கணக்குக் கேட்கிறாள். தன் வாயாலேயே ஒரு பகுதி முழுக்கப் பேசவும் செய்கிறாள்.

கொலைக் காட்சியை மாரிசன் எழுதியிருக்கும் விதத்துக்காக மட்டுமே அந்த நாவலை நான் மூன்று முறை படித்திருக்கிறேன். பாதிப் புத்தகம்வரை என்ன நடந்தது என்றே சொல்ல மாட்டார். சொல்ல வரும்போது அம்மாவின் கண்ணோட்டத்தில் சொல்ல மாட்டார். குதிரையில் வந்த நான்கு பேர், அதாவது எஜமானர், அவருடைய உறவுப் பையன், அடிமை பிடிப்பவன், ஷெரிஃப், இவர்களின் கண் வழியே முதலில் காட்டுகிறார். கெட்டுப்போன சரக்கைப் பார்ப்பது போல அவர்கள் பார்க்கிறார்கள். கொஞ்சம் கழித்து, அந்தச் சம்பவம் வெளிவந்த பழைய செய்தித்தாள் துண்டைச் சேத்தின் காதலன் பால் டியிடம் ஒரு கிழவர் நீட்டுகிறார். பால் டிக்குப் படிக்கத் தெரியாது. அச்சிட்ட முகத்தைப் பார்த்துவிட்டு, இது அவள் வாய் இல்லை என்கிறான். திரும்பத் திரும்ப அதையே சொல்கிறான்.

முதல் முறை படித்தபோது, அவன் நம்ப மறுக்கிறான் என்று மட்டும் நினைத்தேன். பல வருடம் கழித்து, எம்மெட் டில்லைப் பற்றி லுக் பத்திரிகையில் வந்ததைப் படித்த பிறகுதான் அந்த வரி முழுசாகப் புரிந்தது. அந்தத் தாளில் பேசுவது அவளுடைய வாய் இல்லை.

எல்லா அமெரிக்கப் புனைவும் இந்தப் பொறுப்போடு இல்லை. 1957இல் விஸ்கான்சினில் எட் கெய்ன் என்ற கொலைகாரன் பிடிபட்டபோது, 40 மைலுக்கும் குறைவான தூரத்தில் இருந்த எழுத்தாளர் ராபர்ட் பிளாக், ஒரு சிற்றூரில் இப்படி ஒருவன் யாருக்கும் தெரியாமல் வாழ முடிகிறதே என்ற ஒரே எண்ணத்தை எடுத்து ‘சைக்கோ’ எழுதினார். நல்ல திகில் கதை, அதற்கு மேல் எனக்கு அதில் ஒன்றும் இல்லை. ‘லோலிடா’ வேறு ரகம். 1948இல் நியூஜெர்சியில் சாலி ஹார்னர் என்ற 11 வயதுச் சிறுமியை ஒருவன் கடத்திக்கொண்டு போய் ஏறத்தாழ இரண்டு வருடம் ஊர் ஊராக அலைக்கழித்தான். மீண்டு வந்தவள் 15 வயதில் கார் விபத்தில் இறந்தாள். நபோகோவ் நாவலில் அவள் பெயர் ஒரே ஒரு வாக்கியத்தில், போகிறபோக்கில் வருகிறது. பேசுவது முழுக்க முழுக்கக் கடத்தியவன், அதுவும் தேன் சொட்டும் மொழியில். நபோகோவ் அந்தக் குரலை நம்பாதே என்று சொல்லித்தான் எழுதினார் என்பதை ஏற்கிறேன். அப்படியும் ஏமாந்த வாசகர்கள் ஏராளம். சாரா வெயின்மன் 2018இல் சாலிக்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அது கடன் தீர்த்த மாதிரி.

உண்மைக் குற்ற எழுத்தின் உள் சிக்கலைத் தெரிந்துகொள்ள ஜேனட் மால்கம் எழுதிய ‘தி ஜர்னலிஸ்ட் அண்ட் தி மர்டரர்’ போதும், சின்னப் புத்தகம். மனைவியையும் இரண்டு மகள்களையும் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ராணுவ மருத்துவர் ஒருவரோடு நண்பராக இருந்து, அவரை நம்புவது போலக் கடிதம் எழுதிக்கொண்டே, அவர்தான் கொலைகாரர் என்று ஜோ மெக்கின்னிஸ் 1983இல் புத்தகம் போட்டார். மருத்துவர் சிறையிலிருந்தே வழக்குப் போட்டார். 1987இல் ஜூரி ஒரு முடிவுக்கு வர முடியாமல், கடைசியில் 3,25,000 டாலருக்கு உடன்பாடு ஆனது. தண்டிக்கப்பட்ட கொலையாளியின் பக்கம் ஜூரியில் பெரும்பாலோர் சாய்ந்தார்கள் என்றால், எழுத்தாளரின் ஏமாற்று அவர்களை எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும். மால்கம் அதைத்தான் பிடித்து இழுக்கிறார். ஒரே குறை, அந்த மருத்துவரின் மனைவியும் குழந்தைகளும் அதிலும் ஓரத்தில்தான் இருக்கிறார்கள்.

நடுவில் இறந்தவரை வைத்து எழுதிய ஒன்று வேண்டுமென்றால் மேகி நெல்சனின் ‘ஜேன்: எ மர்டர்’. 1969இல் மிச்சிகனில் கொல்லப்பட்ட தன் சித்தியைப் பற்றி, அவர் இறந்த பிறகு பிறந்த அக்கா மகள் எழுதியது. பாதி கவிதை, பாதி ஆவணம். சித்தியின் டைரி வரிகள் அப்படியே வருகின்றன. சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த, கோபக்காரியான, தன்னைத்தானே ஓயாமல் கேள்வி கேட்கும் ஒரு பெண் அதில் இருக்கிறாள். புத்தகத்தை மூடிய பிறகு நினைவில் நிற்பவள் அவள்தான். டேவிட் கிரானின் ‘கில்லர்ஸ் ஆஃப் தி ஃப்ளவர் மூன்’ நூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1920களில் எண்ணெய்ப் பணத்துக்காக ஒசேஜ் பூர்வகுடிகள் கொல்லப்பட்ட கதை. வழக்கு முடிந்து குற்றவாளி சிறை போனதும் புத்தகம் முடிந்திருக்கலாம். கிரான் அதற்குப் பிறகும் ஒசேஜ் குடும்பங்களிடம் போய், யாருமே விசாரிக்காத சாவுகளை எடுத்துக் காட்டுகிறார். அந்த மூன்றாம் பகுதியை அவசரப்படாமல் படிக்க வேண்டும்.

‘இன் கோல்ட் பிளட்’ படத்தை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். 1967இல் ரிச்சர்ட் புரூக்ஸ் அதைக் கிளட்டர் குடும்பம் இறந்த அதே வீட்டிலேயே படம்பிடித்தார், உண்மையான ஜூரிகளில் சிலரையே நடிக்க வைத்தார். என்னால் அதை முழுசாகப் பார்க்க முடியவில்லை. புத்தகத்தை மட்டும் இன்னொரு முறை எடுங்கள். இந்த முறை முதல் பகுதியில் காரில் வருகிறவர்களின் பக்கங்களைத் தாண்டிவிட்டு, அந்த வீட்டின் சனிக்கிழமையை மட்டும் தொடர்ச்சியாகப் படித்துப் பாருங்கள். ஹெர்பர்ட் கிளட்டர் காலையில் ஆப்பிள் ஒன்றை எடுத்துக்கொண்டு தோட்டப் பக்கம் நடக்கிறார். நான்சி மாவு பிசைகிறாள். கென்யன் அடித்தளத்தில் அக்காவின் பெட்டிக்கு வார்னிஷ் பூசிவிட்டு, அது காயட்டும் என்று விட்டுவிட்டு மேலே வருகிறான்.